வருவேனுக்கு ஒரு துணைக்கால்

தலையணையம்மா கட்டிக்கொண்ட மனிதர், அவளைக் கட்டுவதற்கு முன்பே வேறொருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாயால் கொடுத்திருந்தால் காற்றோடு போயிருக்கும். காகிதத்தில் எழுதியிருந்தால் கரையான் பார்த்துக்கொண்டிருக்கும். இவர் கொடுத்தது கருங்கல்லில். நகரத்தின் பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தண்ணீர்க் குழாய்க்கு நேர் எதிரே அந்தக் கல் நிற்கிறது. குழாயடிக்கு வருகிறவர்கள் வாளி நிறைகிற வரைக்கும் வேறு வேலையில்லாமல் அதைத்தான் வாசித்தாக வேண்டும்.

'என் அன்பு மனைவி இங்கே துயில்கிறாள். கண்ணே, பக்கத்தில் இடம் வை. விரைவில் வருவேன்.'

எழுதியவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். முதல் மனைவியைக் காய்ச்சல் கொண்டுபோனபோது அழுதுகொண்டே எழுதினார். அந்த அழுகையில் பொய் கிடையாது. சோறு இறங்கவில்லை, சவரம் இல்லை, "அவ பின்னாலயே நானும் போறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் இரண்டு பேர் படுக்கும் அகலத்துக்கு இடம் வாங்கினார், கல்லையும் அதே அகலத்துக்கு எடுத்தார். ஒரு பக்கம் அவள் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. மறுபக்கம் தன் பெயர், பிறந்த தேதி, அதற்குப் பிறகு ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்பால் காலி. அந்தக் காலி ஆறு மாதத்தில் நிரம்பிவிடும் என்று கோயில் பங்கு மக்கள் எல்லாரும் பயந்துபோய் இருந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலி அப்படியே இருக்கிறது. மனிதர் இன்னமும் சொந்தப் பல்லில்தான் சாப்பிடுகிறார்.

இப்படிப்பட்டவருக்குப் பட்டப்பெயர் வைக்காமல் விட்டால் அது என்ன ஊர்? 'விரைவில் வாத்தியார்' என்று வைத்தார்கள். "விரைவில் வந்துட்டாரா?" என்று கோயில் வாசலில் ஒருத்தர் கேட்பார். "இன்னும் வரல, வருவார்" என்று இன்னொருத்தர் சொல்வார். கேட்டவருக்கும் சிரிப்பு, சொன்னவருக்கும் சிரிப்பு. வாத்தியார் மட்டும், தமிழ் வாத்தியாராக இருந்தும், அதில் இரண்டு பொருள் இருப்பதைக் கடைசிவரை கவனிக்காதவர்போலவே நடந்துகொண்டார்.

சொன்ன சொல்லும் வந்து சேர்ந்த நேரமும் பொருந்தாமல் போவது அந்தத் தோட்டத்தின் ராசி. அதற்கு நிலம் கொடுத்த சாராயக் குத்தகைக்காரரிலிருந்தே அது ஆரம்பம். அப்போது அது ஊருக்கு வெளியே கிடந்த களர்நிலம். ஒன்றும் விளையாத நிலத்தை ஆண்டவருக்குக் கொடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது, நிலமும் தொலையும் பாவமும் தொலையும். சிற்றாலயத்துக்கு நேர் முன்னால் இருக்கும் நல்ல இடம் தனக்கு என்று மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். போட்டவர் சாகிறதாகக் காணோம். இடையில் ஒரு காலரா வந்தது, பிறகு ஒரு விஷக் காய்ச்சல் வந்தது, அவசரத்தில் கிடைத்த இடத்தில் புதைத்துக்கொண்டே போனார்கள். குத்தகைக்காரர் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது அவருடைய இடத்தில் முன்பின் தெரியாத ஒரு கப்பல்காரன் படுத்திருந்தான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது அவருக்குச் செத்த பிறகுதான் தெரிந்தது. பின்சுவரில் சாக்கடை ஓரமாக இன்றைக்கும் இருக்கிறார்.

மற்றபடி தோட்டம் ஒழுங்காகத்தான் நிரம்பியது. மூக்குடைந்த கல் தேவதூதர்களை, சம்மனசுகளை, நிறுத்திவைக்க வசதியுள்ளவர்கள் முன்வரிசை. சிமெண்டுக் குருசுக்காரர்கள் நடுவில். மரக்குருசு வைத்தவர்கள் பின்னால், குருசு மக்கியதும் அவர்களும் கணக்கில் இல்லாமல் போனார்கள். சாவுக்கு முன்னால் எல்லாரும் சமம் என்று ஆயுள் முழுவதும் பிரசங்கம் வைத்த சாமியார்களுக்கு மட்டும் இரும்பு வேலி போட்டுத் தனி இடம். பிறகு ஊர் வளர்ந்து வந்து தோட்டத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. ஒரு பக்கம் பஸ் பணிமனை, ஒரு பக்கம் பல் ஆஸ்பத்திரி, பின்னால் அடுக்குமாடி. 'அமைதியான சூழல், பசுமையைப் பார்த்த ஜன்னல்கள்' என்று அடுக்குமாடிக்காரர்கள் விளம்பரம் போட்டார்கள். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது மாநகராட்சி முன்வரிசையில் பாதியை எடுத்துக்கொண்டது. சம்மனசுகளோடு வந்தவர்கள் ராவோடு ராவாகச் சாக்கடைப் பக்கம் குடிபோனார்கள்.

இடம் தீர்ந்ததும் தோட்டமும் அடுக்குமாடியாக மாறியது. குடும்பக் கல்லறை என்று பெயர். சில வருஷம் கழித்துத் திறந்து, எலும்புகளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, அதன் மேலேயே அடுத்த பெட்டியை இறக்குவார்கள். ஒரே வீட்டில் இருக்க மாட்டோம் என்று கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பிகள் இப்போது ஒருத்தர்மேல் ஒருத்தராக இருக்கிறார்கள். மாமியாருக்கு மேலே மருமகள் இருக்கிற கல்லறைகள் நிறைய உண்டு. எந்தச் சத்தமும் கேட்பதில்லை.

தலையணையம்மா இந்தத் தோட்டத்துக்கு எதிரே, பெட்டிக்கடையில் வேலை பார்த்தாள். பெட்டிக்கடை என்றால் பீடியும் மிட்டாயும் விற்கிற கடை இல்லை, நிஜமாகவே பெட்டிக் கடை. உள்ளே ஆறடிப் பெட்டிகள் நின்றபடி ஆளுக்குக் காத்திருக்கும். பெட்டிக்கு உள்ளே சாட்டின் துணியை மடிப்பு மடிப்பாகப் பிடித்துச் சின்ன ஆணி அடிப்பதும், ஓரத்துக்கு லேஸ் தைப்பதும், தலைக்குக் குட்டித் தலையணை செய்வதும் அவள் வேலை. தலையணைக்குள்ளே தச்சுப்பட்டறையின் மரச்சீவலைத் திணித்தால் போதும், படுக்கிறவர் புகார் சொல்ல மாட்டார் என்பது முதலாளியின் கட்சி. அவள் பஞ்சுதான் வைப்பாள். "சீவல் குத்தும் முதலாளி" என்பாள். "யாருக்குக் குத்தும்?" என்பார் அவர். அவள் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். பட்டப்பெயர் அப்படி வந்தது.

அவள் வளர்ந்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய அநாதை விடுதியில். நீளமான ஒரு கூடம், இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், கட்டில் தலைமாட்டில் நம்பர். தட்டிலும் அதே நம்பர், துண்டிலும் அதே நம்பர். விடுதியில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது தையல், பழகிப்போனது வரிசை. வேலை கிடைத்து வெளியே வந்த அன்றைக்கு, தன் துண்டின் மூலையில் இருந்த நம்பரை நூல் நூலாகப் பிரித்து எடுத்தாள். துண்டு கிழிந்துபோயிற்று, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

வாத்தியாரின் முதல் மனைவிக்குப் பெட்டி தைத்தவளும் அவள்தான். துக்கத்தில் கடைக்கு வந்தவர், "தலையணை கொஞ்சம் தாழ்வா இருக்கட்டும்மா, அவளுக்கு உசந்த தலையணை ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தேம்பினார். செத்தவளின் கழுத்து வலியைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான். இவள் பஞ்சைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தாள். இரண்டு வருஷம் கழித்து அதே மனிதர் பெண் கேட்டு முதலாளியிடம் வந்தபோது முதலாளி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. "அங்க இடம் பிடிச்சு வெச்சிருக்கீங்களே வாத்தியாரே, அது?" என்றார். "அது அது, இது இது" என்றார் வாத்தியார். இலக்கணம் படித்தவர்களால்தான் இப்படி விளக்கம் சொல்ல முடியும்.

கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் அந்தக் கல்லைக் கழுவியவள் தலையணையம்மா. குழாயில் வாளியைப் பிடித்து, சோப்பு போட்டு, தேங்காய் நார் கொண்டு எழுத்து எழுத்தாகத் தேய்ப்பாள். செத்தவள்மேல் அவளுக்கு ஒரு பொறாமையும் இல்லை. பொறாமைப்பட என்ன இருக்கிறது, சமையல் இவளுக்கு, கவிதை அவளுக்கு. வாத்தியார் பக்கத்தில் நின்று, "வருவேன்ல னகர ஒற்றுப் புள்ளி அழுக்கா இருக்கு பாரு" என்று மேற்பார்வை செய்வார். பிழை பொறுக்காத மனிதர். செய்தித்தாளைச் சிவப்புப் பேனாவோடுதான் திறப்பார். பல் ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகையில் ஒற்று விட்டுப்போனதற்காக வலித்த பல்லோடு வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அவர் எழுத்தில் பிழை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, சொல்ல அவர் விட்டதுமில்லை.

பிள்ளை குட்டி இல்லை. நாள் போனது தெரியாமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், கல்லறைக் குழுவின் செயலர் எழுந்து ஒரு தீர்மானத்தை வாசித்தார். இந்தச் செயலர் வேறு யாருமில்லை, வாத்தியாரின் முதல் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கடன் மறுத்துப் பழகியவர், இப்போது செத்தவர்களுக்கு இடம் மறுக்கிற பொறுப்புக்கு வந்திருந்தார்.

தோட்டத்தில் இனி புதுக் குழி கிடையாது. கல்லில் பெயரோ உறவோ ஏற்கெனவே குறிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இடம். கல்லில் புதிதாகப் பெயர் சேர்க்கக் கூடாது. இறந்த தேதி பொறிக்கலாம், எழுத்துப் பிழை இருந்தால் திருத்தலாம், அவ்வளவுதான். மற்ற எல்லாருக்கும் நகருக்கு வெளியே, கல்குவாரி தாண்டி, புது ஏற்பாடு. சுவரில் அலமாரி அலமாரியாக அறை கட்டியிருக்கிறது, ஆளுக்கு ஒன்று, சுத்தமாக நம்பர் போட்டிருக்கிறது.

'பெயரோ உறவோ' என்பதில் இந்த 'உறவோ' எப்படி நுழைந்தது என்று கோயிலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். செயலருடைய அப்பா கல்லறையில் 'மற்றும் குடும்பத்தார்' என்றுதான் போட்டிருக்கிறது. வெறும் பெயர் என்று விட்டால் செயலரே குவாரிக்குப் போக வேண்டி வரும். சட்டம் எழுதுகிறவர் தனக்கு ஒரு சந்து விட்டு எழுதுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

தலையணையம்மாவின் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும். நம்பர்.

வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று வயதானவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அவளுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை, காடே வராதே என்று சொல்லிவிட்டது. சாவைப் பற்றி அவளுக்குப் பயமில்லை, தினமும் அதற்கு லேஸ் வைத்துத் தைக்கிறவள். ஆனால் நம்பர் போட்ட கட்டிலில் ஆரம்பித்து நம்பர் போட்ட அலமாரியில் முடிவதா? நடுவில் இவ்வளவு வருஷம் ஒரு மனிதருக்குப் பெண்டாட்டியாக இருந்ததெல்லாம் வெறும் லீவா? அன்றைக்கு மத்தியானம் அவளால் சாப்பிட முடியவில்லை.

"என்னங்க, நான் எங்க போறது?" என்று கேட்டாள்.

வாத்தியார் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எப்போ?"

"செத்த பிறகு."

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?"

விரைவில் என்று பெயரெடுத்தவர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். அவள் விடவில்லை. "உங்களுக்கு அங்க இடம் இருக்கு. எனக்குக் குவாரியாம். நீங்க போய் உங்க மச்சினன்கிட்ட பேசுங்க. நம்ம கல்லுல எனக்கும் ஒரு வார்த்தை வேணும்."

"பேர் சேர்க்கக் கூடாதுன்னுட்டானே."

"நீங்க கேட்டுப் பாருங்களேன்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடமான நேரங்களில் அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும். "அதுக்கில்ல. அந்த வரி ஒருத்திக்குன்னு எழுதினது. நடுவுல இன்னொரு ஆள் வந்தா பொருள் சிதைஞ்சிடும்."

பொருள் சிதைந்துவிடுமாம். தலையணையம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள்.

மறுநாள் அவளே செயலரிடம் போனாள். அவர் ஒருநாளும் அவளை முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. வாத்தியாரை இன்றைக்கும் 'அத்தான்' என்பார், அவள் 'தையல்காரம்மா'. தன் அக்காவின் இடத்தில் வந்தவள் என்கிற கசப்பு. அவள் அந்த இடத்துக்கு வரவே முடியாமல்தானே இப்போது நிற்கிறாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

"தையல்காரம்மா, எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணுமில்ல. விதின்னா விதி. அது எங்க அக்கா கல்லறை. அதுல உங்களப் பத்தி ஒரு எழுத்து இருக்கா, சொல்லுங்க."

அவள் மனதுக்குள் கல்லை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். இல்லை. அவ்வளவு வருஷம் அவள் கைபட்ட எழுத்துகள்தான், அவளைப் பற்றியது ஒன்றுகூட இல்லை.

திரும்பி வருகிற வழியில், தோட்டத்தின் நடு வரிசையில் கல்வெட்டுக்காரர் குந்தியிருந்தார். பிழை திருத்தலாம் என்று விதி வந்ததிலிருந்து அவருக்கு நல்ல வேலை. பாதி ஊர்க்காரர்கள் 'இறப்பு' என்பதை 'இரப்பு' என்று வெட்டிவைத்திருந்தார்கள். பிறந்த தேதி, பிச்சையெடுத்த தேதி என்று முன்வரிசைக் கனவான்கள் தலைமுறை தலைமுறையாகப் படுத்திருந்தார்கள்.

"ஒரே எழுத்து மாத்துறேன், பிச்சைக்காரன் பிணமாயிடுறான்" என்றார் கல்வெட்டுக்காரர். "உங்க வீட்டுக்காரர் கல்லுலதான் எனக்கு ஒரு வேலையும் இல்ல. மனுஷன் அப்படி எழுதியிருக்கார்."

தலையணையம்மா உளியைப் பார்த்தாள். "அண்ணே, வருவேன்னு இருக்கறத வருவோம்னு ஆக்கணும்னா எவ்வளவு வேலை?"

"என்ன பெரிய வேலை? 'வே'க்குப் பின்னால ஒரு துணைக்கால் போட்டா 'வோ' ஆயிடும். னகரத்தை மட்டும் அடைச்சிட்டு மகரம் வெட்டணும்." சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்து உளியைக் கீழே வைத்தார். "அதுக்கு எழுதினவர் பிழைன்னு ஒத்துக்கணுமேம்மா."

அங்கேதான் சிக்கல். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் வாத்தியாருக்கு முகம் சிவந்தது. "என் எழுத்துல பிழையா? ஊர் முன்னாடி நான் போய்ப் பிழைன்னு சொல்றதா? வருவேன்ல என்னடி பிழை?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள். சண்டை போடவில்லை. அந்தச் சனிக்கிழமை கல்லைக் கழுவப் போகவில்லை, அவ்வளவுதான். அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை.

கல்லறைத் தோட்டத்துக் காக்கைகளுக்கு இலக்கிய மரியாதை தெரியாது. மழை வேறு பெய்தது. பாசி பிடித்தது. குழாயடியில் நின்றவர்கள் முதலில் 'விரைவில்' மறைந்ததைப் பேசினார்கள், பிறகு 'கண்ணே' போனதைப் பேசினார்கள், கடைசியில் அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். வாத்தியாருக்குத் தூக்கம் போயிற்று. கேலி செய்வதற்காகவாவது தினமும் பத்துப் பேர் வாசித்த எழுத்து அது.

ஒரு சனிக்கிழமை கடை வாசலில் பஞ்சு பிய்த்துக்கொண்டிருந்த தலையணையம்மா, கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேடிக்கையைக் கண்டாள். வாத்தியார் வாளியோடு நின்றார். முட்டி மடங்காத மனிதர், பக்கத்துக் கல்லறைச் சம்மனசின் இறக்கையைப் பிடித்து, பல்லைக் கடித்து, எப்படியோ மண்டியிட்டார். நாரைத் தலைகீழாகப் பிடித்துத் தேய்த்தார். சோப்பைக் கை நழுவவிட்டார். தேய்க்கத் தேய்க்க எழுத்து வந்தது. பக்கத்துக் கல்லெல்லாம் அரித்து மழுங்கிக் கிடக்க, இது ஒன்று மட்டும் நேற்று வெட்டியதுபோலக் கூர்மையாக இருப்பது ஏன் என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை. தன் தமிழின் வலிமை என்று நினைத்திருந்தாரோ என்னவோ. தேய்ப்பதை நிறுத்திவிட்டு, நனைந்த நாரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியவில்லையோ என்று அவள் பாதி எழுந்தாள். பிறகு, தானே எழுந்து வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

முழங்காலில் ஈரத்தோடு சாலையைக் கடந்து வந்தார். கடை வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருமை பன்மை மயக்கம்" என்றார்.

"என்ன?"

"அந்தப் பிழைக்குப் பேரு அதுதான். ஒருமை பன்மை மயக்கம். பள்ளிக்கூடத்துல இதுக்கு அரை மார்க் குறைப்பேன்."

குழுக் கூட்டத்தில் பங்குச் சாமியார் நடுவில் உட்கார்ந்திருந்தார், செயலர் பக்கத்தில். வாத்தியார் எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார், மறுபடி கனைத்தார். எத்தனையோ பேருக்கு இரங்கற்பா பாடிய அந்தப் பெரிய நாக்குக்கு, 'என் கல்லுல வருவேன்னு இருக்கறது பிழை, திருத்தணும்' என்று சொல்ல அவ்வளவு நேரம் பிடித்தது. தலையணையம்மா கதவோரம் நின்று தன் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், அதுல என்ன பிழை?" என்றார் செயலர். "எல்லாரும் முப்பது வருஷமா வாசிக்கறோம்."

"பிழைதான். எழுதினவன் நான் சொல்றேன்."

"இத்தனை வருஷமாத் தெரியலையா?"

"தெரியாம என்ன? ஒத்துக்கத்தான் இவ்வளவு நாளாச்சு." வாத்தியார் கதவோரம் பார்த்தார். "வருவேன்னு நான் எழுதினப்போ நான் ஒருத்தன். இப்ப இல்ல. வருவோம். தன்மைப் பன்மை. நானும் என் பெண்டாட்டியும்."

வெளியாட்களிடம் அவர் அவளை 'வீட்டுல' என்றுதான் சொல்வார். 'வீட்டுல சொன்னாங்க, வீட்டுல முடியல' என்று. என் பெண்டாட்டி என்று நாலு பேர் கேட்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. தலையணையம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

செயலர் தன் தீர்மானத்தை எடுத்துப் பார்த்தார். பெயரோ உறவோ. 'வருவோம்' என்று ஆனால் பெண்டாட்டியும் அதற்குள் வந்துவிடுவாள். 'உறவோ'வை இப்போது அடித்தால் அப்பாவின் கல்லறைக் கதவும் சேர்ந்து மூடிக்கொள்ளும். தான் வெட்டிய குழி என்று சும்மாவா சொன்னார்கள்? அதுவும் கல்லறைக் குழுவில் இருந்துகொண்டு வெட்டியது.

"சரி. அப்ப அந்த 'விரைவில்'ங்கறதும் பிழைதானே, அதையும் சேர்த்துத் திருத்திடலாமா?" என்றார், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"அது பிழையில்லப்பா" என்றார் சாமியார். "அது தாமதம். எழுத்துப் பிழைய மட்டும் திருத்துங்க."

கல்வெட்டுக்காரர் துணைக்காலை வெட்டினார். பழைய எழுத்து கறுத்திருக்க, புதுக் கால் மட்டும் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நின்றது. குழாயடிக்காரர்களுக்குப் பேச ஒரு வருஷத்துக்கு விஷயம் கிடைத்தது. வாத்தியார் பக்கத்தில் நின்று வாசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு யோசிக்காம விட்டுட்டோம். விரைவில் வருவோம்னு உனக்கும் சேர்த்து நான் வாக்குக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சே" என்று கவலைப்பட்டார்.

"உங்க விரைவில் எனக்குத் தெரியாதா?" என்றாள் தலையணையம்மா. "இன்னும் முப்பது வருஷம் ஆகும். வாங்க, வெயில் ஏறுது."

ஆகவில்லை. பிழை திருத்திய பிறகு வாத்தியாருக்கு வாக்கைக் காப்பாற்றும் அவசரம் வந்துவிட்டது போலிருக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள், ஒரு காலையில், சிவப்புப் பேனாவைத் திறந்தபடி, செய்தித்தாளின் மேலேயே சாய்ந்துவிட்டார். பாதிப் பக்கம் திருத்தியிருந்தார்.

முதலாளி எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பெட்டிக்கு அவளே தைத்தாள். மடிப்பு கோணியது. பிரித்துத் திரும்பவும் பிடித்தாள். அவருக்கு உயரத் தலையணைதான் பிடிக்கும், தாழ்வாக இருந்தால் படிக்க முடியாது என்பார். பஞ்சை அமுக்கி அமுக்கி வைத்தாள். தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, கை கழுவி, சாலையைக் கடந்து தோட்டத்துக்குப் போனாள். அழுகிறவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அவளுக்குக் குழியைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

கல்லுக்கு முன்னால், இத்தனை வருஷம் காலியாகக் கிடந்த பாதியில், குழி வெட்டுகிறவர் இடுப்பளவு இறங்கியிருந்தார். மேட்டில் செயலர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவள் வந்ததை அவர் பார்க்கவில்லை.

"போதும் சார், அளவு வந்துடுச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போதாது. இன்னும் ஒரு ஆள் ஆழம் இறக்கு."

"எதுக்கு சார்? பெட்டி ஒண்ணுதானே?"

"இப்ப ஒண்ணு. மேல அக்காவுக்கு இடம் வேணும்ல?"

தலையணையம்மா கல்லைப் பார்த்தாள். அவருடைய அக்கா முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே இடது பக்கம் வந்து படுத்துவிட்டாள். அவளுக்கு இனி மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம். அப்படியென்றால் அந்த அக்கா யார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், காலையிலிருந்து வராத அழுகை வந்தது. துணைக்கால்மேல் கையை ஊன்றிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.

செயலர் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் வெயிலுக்குக் குடையை விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்தார். குழிக்குள்ளே ஆள் வேகவேகமாக மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மெதுவா வெட்டச் சொல்லுங்க தம்பி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."